சேர்த்தா, தனித்தனியா

நீதிமன்றத்தில் பதினோரு நிமிடம்தான் ஆயிற்று.
வழக்கு முடிந்ததும் பசித்தது.
'மூன்று கெண்டை'க்குப் போவோமா என்றான் விரதிஸ்லாவ்.
பிராக் நகரில் இத்தனை மதுக்கடைகள் இருக்க
வேறொன்று தோன்றவில்லை அவனுக்கு.
எனக்கும்தான்.

கார்லினில், டிராம் கீச்சிட்டுத் திரும்பும் முனையில்
இரண்டு படி இறங்கினால் கதவு.
பித்தளைப் பிடி நடுவில் மட்டும் தேய்ந்து மினுங்கும்.
உள்ளே வதங்கிய வெங்காயம், ஈரக் கம்பளிக் கோட்டு,
மரத்தில் ஊறிப்போன பீர் வாசம்.
வாசல் பலகையில் பொன்னெழுத்து:
ஒரு பேரரசர் இங்கே தாகம் தணித்தாராம்.
"அவர் குதிரைதான் குடித்தது. வெளியே. தண்ணீர்"
என்பார் ஹினெக், புதிதாக வரும் எவரிடமும்.
முப்பது வருடமாக அதே கறுப்பு வெய்ஸ்ட்கோட்டு,
காதில் அதே குட்டைப் பென்சில்.

சுவரில் இரண்டு வெள்ளக் கோடுகள்.
இடுப்பளவில் இருப்பது ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.
தலைக்குமேல் இருப்பது எங்களுடையது.
இரண்டாயிரத்து இரண்டு, ஆகஸ்ட்.
வால்டாவா நதி வடிந்த பிறகு
இந்தக் கூடத்திலிருந்து தெருவரை ஆட்கள் வரிசையாக நின்று
சேற்றை வாளி வாளியாகக் கைமாற்றினோம்.
எனக்கு இடப்பக்கம் நின்றவனுடைய
முகம் தெரியவில்லை, அத்தனை சேறு.
மூன்றாம் நாள் பெயரைக் கேட்டேன்.

ஹினெக் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை.
நுரை விளிம்பு தாண்டிய இரண்டு கோப்பை,
நடுவில் ஒரே சீட்டு,
சீட்டில் இரண்டு கோடு.
காலியானால் அடுத்தது தானே வரும்.
போதுமென்றால் அட்டையை எடுத்துக்
கோப்பையின் வாயை மூட வேண்டும்.
வீட்டிலும் அப்படியொரு அட்டை இருந்திருக்கலாம்.

மாட்டிறைச்சி வந்தது, பாலேடு கலந்த குழம்பில்,
நூலால் அறுத்த ஆறு மாவுருண்டைத் துண்டுகளோடு.
அவன் கிரான்பெரிகளைத் தட்டின் ஓரம் ஒதுக்கினான்.
என் முள்கரண்டி பழக்கத்தில் கிளம்பிப்போய்
பாதி வழியில் விழித்துக்கொண்டது.
"எடுத்துக்கொள்" என்றான்.
எடுத்துக்கொண்டேன். புளித்தது.

சீட்டாட்ட மேசையிலிருந்து பொஹோஷ்,
ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், கத்தினார்:
"ரதனா! கோட்டும் சூட்டுமாக என்ன விசேஷம்?
கல்யாண நாளா?"
அவர் நாய்கூட மேசைக்கடியிலிருந்து தலைநீட்டியது.
நாங்கள் பதில் தேடுவதற்குள்
பிளம் சாராயம் இரண்டு குவளை வந்துவிட்டது, அவர் செலவில்.
கூடமே கோப்பையைத் தூக்கியது.
என்ன செய்வது?
எழுந்து நின்று குடித்தோம்.
அவன் வழக்கம்போல் இருமினான்.
நான் வழக்கம்போல் முதுகில் தட்டினேன்.
வழக்கு முடிந்தாலும் வழக்கம் முடியவில்லை.

பிறகு ஏதேதோ பேசினோம்.
கொதிகலனைப் பழுதுபார்ப்பவனுடைய தொலைபேசி எண்.
அவன் அம்மாவின் முழங்கால்.
மாடியறையில் கிடக்கும் பனிச்சறுக்குப் பலகைகள்,
இரண்டு ஜோடியும் ஒரே அளவு, எது யாருடையது?
சிரித்தோமா என்று நினைவில்லை.
சன்னலில் மழை ஆரம்பித்தது மட்டும் தெரியும்.

ஹினெக் வந்து நின்றார். பென்சிலை நாக்கில் தொட்டார்.
"சேர்த்தா, தனித்தனியா?"

ஊரில் எந்த மேசையிலும் கேட்கும் கேள்விதான்.
எங்களிடம் மட்டும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.
என் விரலைப் பார்த்தாரா,
மேசைமேல் கிடந்த பழுப்பு உறையைப் பார்த்தாரா?

"சேர்த்து" என்றான் அவன்.
"தனித்தனி" என்றேன், அதே நொடியில்.

ஹினெக் சீட்டைப் பார்த்தார். ஏழு கோடுகள்.
ஏழாவது கோப்பை எப்போது வந்தது,
யார் பாதி குடித்து யார் பக்கம் தள்ளினோம்,
எங்கள் இருவருக்குமே தெரியாது.
வகுத்தால் ஈவு மூன்று, மீதி ஒன்று.

மூன்று கோப்பையும் பாதிச் சாப்பாடும் என்னிடம் வாங்கினார்.
அவனிடமும் அவ்வளவே.
மீதிக்கு இருவரும் கையை நீட்டினோம்.
அவர் வாங்கவில்லை, கோட்டை அடிக்கவும் இல்லை.
சீட்டை நான்காய் மடித்து
வெய்ஸ்ட்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு,
"அடுத்த முறை வரும்போது கொடுங்கள்" என்றார்,
யாரைப் பார்த்தும் சொல்லாமல்,
எங்கள் தலைக்குமேலிருந்த
அந்தக் கோட்டைப் பார்த்து.